நேர் வால் காசித்தும்பை

"மாப்ளே, எங்க வீட்டுப் பொண்ணு புதுசா ஒரு பூவையே கண்டுபிடிச்சிருக்காளாமே! நீங்க இதுவரைக்கும் எத்தனை கண்டுபிடிச்சிருக்கீங்க?"

பல் துலக்கி முடிப்பதற்குள் மனைவியின் அண்ணன் போனில் இப்படிக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

"ஒண்ணு" என்றார் காசித்தும்பையார், வாயில் நுரையோடு.

"அப்போ ஆளுக்கு ஒண்ணு. சரிக்குச் சரி!"

சரிக்குச் சரியாம்! அவர் வாஷ்பேசினில் துப்பிய வேகத்தில் கண்ணாடி வரை தெறித்தது.

அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்கள் அலுவலகத்தினர். மலைக்காட்டுச் செடிகளை அழுத்திக் காயவைத்து, அட்டையில் ஒட்டி, இரும்பு பீரோக்களில் பாதுகாக்கும் கூடம் அது. காசித்தும்பை வகைச் செடி எது வந்தாலும் அவர் மேஜைக்குத்தான் போகும். ஆயுளில் பாதியை அதற்கே கொடுத்தவர். அந்த உழைப்புக்குக் கிடைத்த ஒரே பலன், அவர் பெயர் சொல்லும் ஒரே ஒரு புதிய இனம். மலைப்பாதை ஓரமெல்லாம் மண்டிக் கிடக்கும் சாதாரணக் காசித்தும்பைக்குப் பூவின் பின்னால் தேன் தங்கும் வால் சுருண்டிருக்கும். அவருடையதற்கு வால் ஈர்க்குச்சி போல நேராக இருந்தது. அந்த ஒரு வித்தியாசம்தான். அதை வைத்துத்தான் அது புதிய இனமாயிற்று.

மனைவி அதே கூடத்தில் பெரணிகளைப் பார்ப்பவள். பூவே பூக்காத செடிகள். பெரணி தேடி மேக மூட்டத்துக்குள் ஏறியவள், பாசி பிடித்த பாறையில் வழுக்கி விழுந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடித்து எழுந்தாள். பிடித்தது ஒரு காசித்தும்பை. யாரும் பார்த்திராத காசித்தும்பை.

'விழுந்து எழுந்தவளுக்கெல்லாம் பூ!' என்று பொருமிக்கொண்டே அவர் சட்டையை மாட்டினார். பட்டன் ஒன்று மாறிப் போனது.

"என்னங்க, பட்டன்" என்றாள் மனைவி.

"எனக்குக் கண்ணு இருக்கு."

"இன்னிக்காவது என் செடிக்கு ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. நீங்க 'புதுசு'ன்னு சொன்னாத்தானே நம்ம கூடத்து இயக்குநர் அம்மா கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவாங்க?"

"புதுசா இருந்தாத்தானே சொல்லுவேன்?"

அவள் காபி டம்ளரை வைத்த சத்தத்தில் பூனை எழுந்து வெளியே போயிற்று.

பத்து மணிக்கு இயக்குநர் அம்மாவே இருவரையும் ஆய்வறைக்கு வரச் சொல்லிவிட்டார். "ஐயா, இழுத்தடிக்காதீங்க. புதுசா, இல்லையா?"

காசித்தும்பையார் தொண்டையைச் செருமினார். "இல்லை. இது நான் ஏற்கெனவே கண்டுபிடிச்ச இனம்தான்."

"உங்களுதுக்கு வால் நேரா இருக்கு. என்னோடதுக்குச் சுருட்டை" என்றாள் மனைவி. சாராயத்தில் ஊறிய பூக்கள் மிதந்த கண்ணாடிக் குப்பியை முன்னால் நகர்த்தினாள். "அதோட கீழ் இதழைப் பாருங்க. ஓரமெல்லாம் சீப்புப் பல்லு மாதிரி இருக்கு."

"பூச்சி கடிச்சிருக்கும்."

"எல்லாப் பூவிலேயும் ஒரே அளவாவா? அந்தப் பூச்சிக்குத் தையல் தெரியும் போலிருக்கு!"

இயக்குநர் அம்மா சிரிப்பை இருமலாக மாற்றினார். அந்த இருமல் காசித்தும்பையாரைச் சுட்டது.

"வாலெல்லாம் ஒரு பெரிய அடையாளமா?" என்றார் அவர், குரலை உயர்த்தி. "செடியை அழுத்தும்போது எப்படி வேணும்னாலும் திரும்பும். இப்பவே காட்டுறேன்!"

விறுவிறுவென்று பீரோவைத் திறந்து, தன் பெயர் எழுதிய அட்டையை எடுத்தார். அதன் மூலையில் ஒட்டியிருந்த காகித உறையில் உதிர்ந்த பூக்கள் இருந்தன. ஒன்றை இடுக்கியால் எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். டீக்கு வைத்திருந்த கெட்டிலிலிருந்து வெந்நீர் ஊற்றினார். காய்ந்த பூவை வெந்நீரில் ஊறவைத்தால் மெல்ல மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பும்.

மூன்று தலைகள் கிண்ணத்தின் மேல் கவிந்தன.

பழுப்புச் சருகு மெல்ல விரிந்தது. இதழ்கள் பிரிந்தன. நேராக நின்ற வால் தளர்ந்தது, வளைந்தது, நிதானமாக ஒரு சுற்றுச் சுருண்டது.

"பார்த்தீங்களா?" காசித்தும்பையார் மேஜையைத் தட்டினார். "சுருண்டுடுச்சா? அவளோடது மாதிரியேதானே? இப்ப என்ன சொல்றீங்க?"

மனைவி அவரைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள்.

"ஐயா" என்றார் இயக்குநர் அம்மா மெதுவாக. "சுருண்டுதான் இருக்கு. ஆனா கீழ் இதழ் ஓரத்துல பல்லு எதையும் காணோமே."

"அது... அது வந்து..."

"அப்போ இது அவங்க செடி இல்லை. வாலும் நேர் இல்லைன்னா, மலைப்பாதை ஓரத்துல கிடக்குற சாதாரணக் காசித்தும்பைக்கும் உங்களோடதுக்கும் என்ன வித்தியாசம்?"

காசித்தும்பையார் கிண்ணத்தைப் பார்த்தார். அவசரத்தில் அழுத்தியபோது நீட்டிக்கொண்ட வால். அதை அவர் அடையாளம் என்று நம்பியிருந்தார். மனைவியின் பூவைக் கவிழ்க்கக் கிளம்பியவர், தன் பூவை வெந்நீரில் முக்கிக் கவிழ்த்திருந்தார். அதுவும் மேஜையைத் தட்டி, சாட்சி வைத்து!

பேனாவை எடுத்தார். மனைவியின் கட்டுரை மேல் 'புதிய இனம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பேனா காகிதத்தைக் கிழித்துவிடும் போல இருந்தது.

சாயங்காலம் வீட்டில் அவள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தன் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தாள். அவர் சோபாவில் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். பக்கம் மட்டும் திரும்பவே இல்லை.

"என்னங்க."

"ம்."

"உங்க இனத்தைப் பத்தி நான் வாயைத் திறக்க மாட்டேன். இயக்குநர் அம்மாகிட்டயும் கேட்டுக்கிட்டேன். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

அவருக்குச் சுர்ரென்று ஏறியது. தோற்கடித்ததும் அவள், போனால் போகட்டும் என்று விட்டுக்கொடுப்பவளும் அவளா? அவர் இனம் உயிரோடிருப்பதே அவள் போட்ட பிச்சையா?

"யாராவது ஒருத்தர் எழுதித்தானே ஆகணும்? அந்த இனம் செல்லாதுன்னு" என்றார் பேப்பருக்குள்ளிருந்து.

"எழுதணும்தான். நீங்க மனசு கஷ்டப்படுவீங்களேன்னு பார்த்தேன். சரி, என் கட்டுரையிலேயே கடைசியா ரெண்டு வரி சேர்த்துடட்டுமா?"

பேப்பர் தரையில் விழுந்தது.

"ரெண்டு வரியா? புது இனமும் நீ, பழைய இனத்தைக் கவிழ்த்ததும் நீ! நாளைக்கு உன் அண்ணன் போன் பண்ணி, 'மாப்ளே, ரெண்டுக்குப் பூஜ்யம்'னு சொல்றதுக்கா? அதை நான்தான் எழுதுவேன். என் பேர்ல. தனிக் கட்டுரையா!"

மனைவி தன் காகிதங்களை ஒதுக்கி மேஜையில் பாதி இடம் விட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தலைப்பில், தான் கண்டுபிடித்த இனத்தின் பெயரை எழுதி, அது இனி செல்லாது என்றும் எழுதினார்.

"நீ எத்தனை பக்கம்?" என்றார் தலை நிமிராமல்.

"நாலு."

"நான் அஞ்சு எழுதப் போறேன்."