ஐந்து மீதம்

இரத்த அழுத்தப் பிரிவில் மாத்திரை எண்ணுகிறவளை நோயாளிகள் எல்லோரும் எண்ணக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட இருபது வயது மூத்தவர்களுக்கும் அவள் அக்காதான். மாதம் ஒருமுறை அவரவர் மாத்திரைப் புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து அவள் மேசையில் வைக்க வேண்டும். நீலத் தட்டில் கொட்டி, தட்டையான கரண்டியால் ஐந்து ஐந்தாகத் தள்ளி எண்ணுவாள். முப்பது நாளைக்கு முப்பத்தைந்து கொடுப்பது வழக்கம். ஒழுங்காக விழுங்கியவர் புட்டியில் ஐந்து மீதம் இருக்கும். அதற்குமேல் இருந்தால் ஆசாமி டிமிக்கி கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம்.

இதில் அவளாகவே ஒரு சட்டம் வைத்திருந்தாள். ஐந்து மீதம் வைத்தவர் வரிசையில் நிற்க வேண்டாம், நேரே டாக்டர் அறைக்குப் போகலாம். மற்றவர்களுக்கு அர்ச்சனை. அதுவும் காதோடு காதாக அல்ல, கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கிற மாதிரி. இதனால்தான் இந்தப் பிரிவில் பத்தில் எட்டுப் பேருக்குக் கணக்கு அச்சடித்தாற்போல வருகிறது என்று அவளுக்குப் பெருமை. டாக்டருக்கும் பெருமைதான். மனிதர்கள் எப்போதிருந்து இவ்வளவு ஒழுங்கானார்கள் என்று இரண்டு பேரில் ஒருவராவது யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

ஒரு மாதமாக அவளை அரித்துக்கொண்டிருந்தது வேறு விஷயம். போன மாதம் பஸ் டிரைவருக்கு எண்ணிக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து எண்ணினாள். விட்ட இடம் எது என்பதில்தான் தகராறு. அன்று சாயங்காலம் இருப்பைப் பார்த்தால், இருப்பதிலேயே வீரியம் கூடிய அந்த மாத்திரையில் ஐந்து குறைந்தது. அன்று அதை வாங்கிப் போனவர் டிரைவர் ஒருவர்தான். அவருக்கு நாற்பது போயிருக்கிறது. உடனே கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவள் பதிவேட்டில் ‘ஐந்து உடைந்தது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதினோரு வருடத்தில் அவள் எழுதிய முதல் பொய் அது.

அவர் பத்தைத் திருப்பிக் கொண்டுவந்தால் என்ன செய்வது? தன் தப்பை ஒப்புக்கொள்வதா, இல்லை, ஐந்து நாள் சாப்பிடவில்லையே என்று அந்த மனிதர் தலையில் கட்டுவதா? இரண்டாவதுதான் செய்வோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதை நினைத்தாலே அவமானமாக இருந்தது.

இன்று மதியம் டிரைவர் வந்தார். புட்டியைத் தட்டில் கொட்டினாள். எண்ணினாள். ஐந்து. இன்னொரு தரம் எண்ணினாள். ஐந்தேதான். அப்படியானால் நாற்பது போகவே இல்லை, இருப்பை எண்ணியதில்தான் எங்கோ பிசகு. அவளுக்கு உயிர் திரும்பி வந்தது. சீட்டில் ‘சரி, ஐந்து மீதம்’ என்று எழுதி, நீங்க உள்ள போங்கண்ணே என்று சிரித்து அனுப்பினாள்.

அவருக்கு நாளைக் காலை குடலிறக்க அறுவை சிகிச்சை. அழுத்தம் நூற்றுத் தொண்ணூறில் நின்றது. டாக்டர் சீட்டைப் பார்த்தார். ஆறு மாதமாக ஒரு மாத்திரைகூடத் தவறவிடாத மனிதர், இரண்டு முறை வீரியத்தைக் கூட்டியும் இறங்கவில்லை. இந்த உடம்புக்கு மருந்து போதவில்லை, அவ்வளவுதான் என்று முடிவு செய்தார். இப்போதே மேலே வார்டில் சேர்த்து, சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டு, விடியற்காலை இரண்டு, நர்ஸ் கண் முன்னால் விழுங்க வைக்கும்படி எழுதிவிட்டுக் கிளம்பினார்.

ஐந்தே முக்காலுக்கு அவள் கடைசி வேலையாகப் பரணில் இருந்த பழைய அட்டைப் பெட்டியைத் தூக்கிப் போட எடுத்தாள். அந்த மாத்திரை வந்த பெட்டி; போன மாதம் டிரைவருக்கு உரித்துக் கொடுத்த காலி அட்டைகள் அதில் கிடந்தன. அவற்றை எண்ணிப் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் கை எண்ணியது. கணக்கு பிசகவில்லை. நாற்பதுதான் போயிருக்கிறது.

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நாற்பது வாங்கியவர் முப்பது விழுங்கினால் பத்து அல்லவா மிஞ்ச வேண்டும்? ஐந்து எப்படி வந்தது? அவர் எண்ணிப் பார்க்கவே இல்லை. ஐந்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எங்கேயோ கொட்டியிருக்கிறார். ஐந்து இருந்தால் போதும், எண்ணக்கா சிரிப்பாள். இந்த மாதம் மட்டும்தானா, ஆறு மாதமுமா? மருந்தே காணாத உடம்பில் இருப்பதிலேயே வீரியமானதை இரட்டிப்பாக இறக்கி, மறுநாள் மயக்க மருந்தும் கொடுத்தால் அழுத்தம் பாதாளத்துக்குப் போகும். அந்த மனிதர் எழுந்திருக்கவே மாட்டார்.

டாக்டரைக் கூப்பிட்டாள், தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லாமல் மூன்று மாடி ஏறினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் கடிகாரத்தைப் பார்த்தாள். சொன்னால் ‘ஐந்து உடைந்தது’ வெளியே வரும், வேலை போகும். சொல்லாமல் எப்படியாவது நிறுத்த முடியுமா என்று அந்த ஓட்டத்திலும் மனம் குறுக்கு வழி தேடியது. மனித மனம் என்ன ஜென்மமோ.

வார்டில் நர்ஸ் சின்னக் கிண்ணத்தில் இரண்டு மாத்திரையோடு கிளம்பிவிட்டாள். கொடுக்காதீர்கள் என்றதற்கு நர்ஸ் சீட்டை எடுத்து நீட்டினாள்.

"கணக்கு சரின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? டாக்டர் சொல்லாம நான் எப்படி நிறுத்த முடியும்?"

நியாயமான கேள்வி. தன் கையெழுத்தே தன்னை மறித்துக்கொண்டு நிற்பதை அவள் பார்த்தாள்.

"தப்பா எழுதிட்டேன், சிஸ்டர். போன மாசம் அவருக்கு நாப்பது குடுத்துட்டேன். அதை மறைச்சு உடைஞ்சதுன்னு பொய் எழுதினேன். டாக்டரை எப்படியாவது பிடிங்க. அதுவரைக்கும் அந்தக் கிண்ணத்தை என்கிட்ட குடுங்க."

நர்ஸ் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். கிண்ணத்தைக் கொடுக்கவில்லை, ஆனால் மேசைமேல் வைத்து மூடிவிட்டு டாக்டரின் வீட்டு எண்ணைச் சுழற்றப் போனாள்.

டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, கையில் தண்ணீர் டம்ளரோடு. ஒரு நாளும் தவறவிட்டதில்லை, தினமும் காலையில் நானே கையில் வைத்துக் கொடுப்பேன் என்று அந்த அம்மாள் கேட்காமலே சொன்னாள். எண்ணக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இந்த முறை குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, உங்களுக்குப் போனது நாப்பது. நீங்க எண்ணிப் பாக்கல. இப்ப உங்க உயிர் உங்க வாயிலதான் இருக்கு. உண்மையில எத்தனை சாப்பிட்டீங்க?"

டிரைவர் மனைவியைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"ஒண்ணுகூட இல்லக்கா. கன்னத்துல ஒதுக்கிட்டு, டிப்போவுக்குப் போனதும் துப்பிடுவேன். இங்க வர்ற அன்னிக்குப் புட்டியில அஞ்சை மட்டும் வெச்சுட்டு மிச்சத்தையும் கொட்டிடுவேன்."

அந்த அம்மாளின் கை டம்ளரோடு அப்படியே நின்றது. ஆறு மாதமுமா என்று கேட்டாள். அவர் தலையாட்டினார். அவள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஈரமே இல்லாத கை.

டாக்டர் கிடைத்துவிட்டார், மாத்திரை கொடுக்க வேண்டாம், அறுவை சிகிச்சையும் தள்ளிவைப்பு என்று நர்ஸ் வந்து சொன்னாள். உங்களை நாளைக்கு ஒன்பது மணிக்கு வந்து பார்க்கச் சொன்னார் என்றும் சேர்த்துச் சொன்னாள். எண்ணக்காவுக்கு அது காதில் விழுந்ததே தவிர மனதில் ஏறவில்லை.  பயம் இறங்கிய இடத்தில் கோபம் வந்தது.

"ஏண்ணே இப்படிப் பண்ணீங்க? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்ல வந்தேனே," என்றார் அவர். "அதைப் போட்டா தலை சுத்துது. நாப்பது பேரை ஏத்திக்கிட்டு ஓட்டுறவன் நான். இந்த ஆறு மாசத்துக்கு முன்னாடி, மொத மாசம் பதினோரு மாத்திரையோட வந்து நின்னேன், ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இருந்தது. பதினொன்று. சிவப்பு மையில் எழுதி அடிக்கோடு போட்டது வரைக்கும் ஞாபகம் இருந்தது. எவ்வளவு யோசித்தும், அன்று இந்த மனிதர் என்ன சொல்ல வாயெடுத்தார் என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை.