நடக்காததாகக் கருதப்படும்

டாம்ஸி மாவட்டச் சிறையில் கைரேகை எடுப்பதற்காக ஆர்வெல்லா டீட்டனின் விரல்களில் தடவிய மை பத்தொன்பது வருடம் காயவில்லை. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. கார்வர்ஸ்ஃபெரியில் வீடு வீடாகப் போய், படுக்கையில் கிடப்பவர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். பாலத்துக்கு அக்கரையில் ஹெஸ்டர் க்வில்லன் என்ற எழுபது வயது அம்மாள் எலும்பில் புற்று வந்து கிடந்தார். அவருடைய ஒரே மகன் வெண்டல், நிலக்கரி ஏற்றிப் போகும் படகில் வேலை செய்துகொண்டு மூன்று வாரம் ஆற்றிலும் ஒரு வாரம் வீட்டிலுமாக இருந்தார். அம்மாளின் வலிக்கு டாக்டர் கொடுத்திருந்த மாத்திரைகளை ஆர்வெல்லா தானே விழுங்கிவிட்டு, அதே நிறத்தில் இருந்த வைட்டமின் மாத்திரைகளைப் புட்டியில் போட்டு வைத்தாள். கென்டக்கியின் அந்தப் பக்கத்தில் அந்த வருடங்களில் வீட்டுக்கு ஒருவர் அந்த மாத்திரையின் போதைக்கு அடிமையாகியிருந்தார்கள் என்பதால் இது பெரிய சேதியாக இல்லை. ஆனால் ஹெஸ்டர் அம்மாள் இரண்டு நாள் மருந்தில்லாமல் கிடந்து மூன்றாம் நாள் காலை இறந்துபோனார். மதியம் வந்து சேர்ந்த வெண்டல், புட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார். ஆர்வெல்லாவுக்கு மூன்று வருடம் தண்டனை. பதினாலு மாதம் உள்ளே இருந்தாள். மீதியை வெளியே கண்காணிப்பில் கழித்தாள். மாத்திரைப் பழக்கம் சிறையிலேயே விட்டுப்போயிற்று. மை விடவில்லை.

சிறைச் சோப்பு, எலுமிச்சை, மண்ணெண்ணெய், உப்புத்தாள், ஒரு பாதிரியார் கொடுத்த ஜோர்டான் நதித் தண்ணீர், எதிலும் அது போகவில்லை. கையுறை மாட்டினால் கையுறையைத் தாண்டி வந்தது. அவள் பிசைந்த மாவிலும் மடித்த துணியிலும் தூக்கிக் கொஞ்சிய குழந்தைகளின் கன்னத்திலும் பத்து ரேகைகளும் சுழி சுழியாக, பத்திரத்தில் பதிந்தது போலத் தெளிவாகப் பதிந்தன. ஊரார் இதைப் பெரிதுபடுத்தவில்லை. இரும்புக்கடைக்காரர் அவள் வருவதைப் பார்த்தால் மேசை மேல் பழைய செய்தித்தாளை விரித்துவைப்பார். வீட்டு உரிமையாளர்கள் கதவுப் பிடியைக் காட்டி, வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். டார்ஸி என்று ஒருவன் அவளைக் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வருடம் இருந்தான். கல்குவாரியில் சட்டையைக் கழற்றும்போது மற்றவர்கள் அவன் முதுகைப் பார்த்துச் சிரித்ததைத் தாங்காமல் இந்தியானாவுக்குப் போய்விட்டான். கடைசியில் பழைய டயருக்கு மறுபடி ரப்பர் ஒட்டும் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்தது. அங்கே எல்லார் கையும் கறுப்பு.

சிறையிலிருந்து வந்த முதல் வாரத்தில் அவள் வெண்டலிடம் மன்னிப்புக் கேட்கப் போயிருந்தாள். அவர் அவளை வீட்டுக்குள் விடவில்லை. முற்றத்துப் படியில் நின்று வராந்தாவின் மரக்கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். கம்பியில் பதிந்த பத்து ரேகைகளை அவர் துடைக்கவில்லை. வருடாவருடம் வசந்தத்தில் வீட்டுக்கு வெள்ளையடித்தபோதெல்லாம் அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுவிட்டு அடித்தார்.

ஆர்வெல்லாவின் தங்கை ரெனிட்டா அதே மாத்திரையின் புது வகை ஒன்றில் ஒரு மார்ச் மாதம் செத்துப்போனாள். அவளுடைய ஏழு வயது மகள் ட்ரெஸ்ஸாவை அரசு எடுத்துப்போய் இரண்டு மாவட்டம் தள்ளி யாரோ ஒருவர் வீட்டில் விட்டது. குழந்தை நல அலுவலகத்தில் இருந்த பெண் ஆர்வெல்லாவின் கையைப் பார்த்து முகம் சுளிக்கவில்லை. "கையில இருக்கற மையைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. தாள்ல இருக்கறதுதான் பிரச்சினை. இந்தக் குற்றம் உங்க பேர்ல இருக்கற வரைக்கும் பிள்ளையத் தர முடியாது" என்றாள்.

அப்படித்தான் அவள் நீதிமன்றத்தில் நெல்டா ப்ரூவிட்டின் ஜன்னலுக்கு வந்து நின்றாள். நெல்டா முப்பது வருடமாக அங்கே குமாஸ்தா. குற்றத்தைப் பதிவிலிருந்து அழிக்க வேண்டுமானால் முதலில் மாநிலப் போலீசுக்கு எழுதித் தகுதிச் சான்று வாங்க வேண்டும், அதோடு தண்டனை கொடுத்த இதே நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், அரசு வழக்கறிஞருக்கும் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கும் தகவல் போகும், ஆட்சேபம் இருந்தால் விசாரணை, இல்லாவிட்டால் ஆணை என்று வரிசையாகச் சொன்னாள்.

"ஆணை வந்தா என்ன ஆகும்?"

"வந்தா அது நடக்கவே இல்ல. அப்படித்தான் எழுதியிருக்கு, நடக்காததாகக் கருதப்படும்னு. வேலைக்கோ வீட்டுக்கோ யாராச்சும் கேட்டா இல்லைன்னு சொல்லிக்கலாம். பொய்யாகாது."

"நடந்துதே நெல்டா."

"யம்மா, நான் தாளை மட்டும்தான் பாத்துக்கறேன். மத்ததுக்கு மேல ஆள் இருக்கு."

முதல் இரண்டு மனுக்கள் திரும்பி வந்தன. எழுதியது எதையும் படிக்க முடியாதபடி அவள் ரேகைகள் மேலே படிந்திருந்தன. மூன்றாவதை அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சொல்லச் சொல்ல நெல்டாவே எழுதினாள். சான்று வர நாலு மாதம், மனு பதிவாக ஒரு மாதம், வழக்கறிஞருக்கு இரண்டு மாதம் என்று வருடம் போனது. ட்ரெஸ்ஸா அதற்குள் மூன்றாவது வீட்டுக்கு மாற்றப்பட்டிருந்தாள். தொலைபேசியில் பேசக் கூப்பிட்டால் சரி, சரி என்று மட்டும் சொன்னாள்.

விசாரணை நாள் காலையில் வெண்டல் க்வில்லன் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். படகு வேலையிலிருந்து ஓய்வு பெற்று, அறுபதைத் தாண்டிவிட்டார். நீதிபதி அவரைவிட இருபது வயது இளைய பெண். ஆட்சேபம் உண்டா என்று கேட்டார்.

"இவ மேல இப்ப எனக்கு ஒண்ணும் இல்லைங்க," என்றார் வெண்டல். "தங்கச்சி புள்ளைய வளக்கணுங்கறா, வளக்கட்டும். எங்கம்மா கெடந்த அந்த ரெண்டு நாள மட்டும் விட்டுட்டு மத்ததை அழிச்சிக்கோங்க."

"அப்படிப் பிரிச்சு எடுக்கச் சட்டத்துல வழி இல்லை, மிஸ்டர் க்வில்லன். எடுத்தா முழுசா எடுக்கணும்."

"அப்ப எங்கம்மாவுக்கு அது யாரு பண்ணினதுன்னு ஆகும்?"

நீதிபதி தாளைத் தன் பக்கம் இழுத்து, பேனாவைத் திறந்தார். "யாரும் பண்ணலைன்னு ஆகும்," என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவை மூடிய நொடியில் ஆர்வெல்லாவின் விரல்களில் மை காய்ந்து, செதிலாகி, மடியில் உதிர்ந்தது. அன்று மாலைக்குள் மாவட்டத்தில் அவள் தொட்ட கதவு, கோப்பை, கைப்பிடி எல்லாவற்றிலிருந்தும் ரேகைகள் போய்விட்டன. முடிதிருத்தும் கடையில் பத்தொன்பது வருடமாக அந்தக் கதையைச் சொல்லிவந்தவன் பாதி வாக்கியத்தில் நிறுத்தி, கத்தரிக்கோலைப் பிடித்தபடி, என்ன சொல்லிக்கொண்டிருந்தேன் என்று கேட்டான். நூலகத்தில் கட்டி வைத்திருந்த பழைய செய்தித்தாளில் உள்ளங்கை அளவுக்கு வெள்ளைச் சதுரம் ஒன்று விழுந்தது. சான்றளித்த நகல் வாங்க ஜன்னலுக்குப் போனவளை நெல்டா நிமிர்ந்து பார்த்து, "ஊருக்குப் புதுசா நீங்க?" என்று அன்பாக விசாரித்தாள். எல்லாரும் அதை நடக்காததாகக் கருதும்படி ஆணை சொன்னது. அதில் குறிப்பிட்டிருந்தவர்களின் பட்டியலில் ஆர்வெல்லாவின் பெயர் மட்டும் இல்லாததால் அவளுக்கு எல்லாம் நினைவில் இருந்தது. ஆறு வாரத்தில் ட்ரெஸ்ஸா வந்து சேர்ந்தாள். கொண்டுவந்த துணிப்பையைப் பத்து நாள் வரை பிரிக்கவில்லை. பிறகு பிரித்தாள்.

ஜூன் மாதத்தில் ஒரு வியாழக்கிழமை நாலு மணிக்கு வெண்டலின் வண்டி அவள் வாசலில் வந்து நின்றது. தொப்பியைக் கழற்றிக்கொண்டு, முன்பின் அறியாதவர் போலப் படியேறி வந்து ஒரு காகிதக் கத்தையை நீட்டினார்.

"மன்னிக்கணும். இது என் கையெழுத்துதான். நாலு பக்கம் எழுதியிருக்கேன், பேனா அழுத்தின தடம் தெரியுது. ஆனா எழுத்து இல்ல. கடைசி வரி மட்டும் இருக்கு."

ஆணைக்கு முன்பே அவர் எழுதிவைத்த அந்தக் கத்தையில் கடைசி வரி யார் மேலும் குற்றம் சொல்லவில்லை என்பதால் தப்பியிருந்தது. ஆர்வெல்லா டீட்டனைக் கேள் என்று இருந்தது.

"என்ன கேக்கணும்?" என்றாள் அவள்.

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வரேன்?" அவர் வராந்தா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "எங்கம்மா செத்தது ஞாபகம் இருக்கு. மருந்து இருந்துச்சு, பாத்துக்க ஆள் இருந்துச்சு, நிம்மதியாப் போனாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நானும் அப்படித்தான் நினைக்கறேன். ஆனா அந்த ரூமுக்குள்ள போனா பல்லு தானா நெறிபடுது. வீட்டு வாசல்ல ஒரு கம்பி இருக்கு, மத்த கம்பி மாதிரிதான் இருக்கு, அதைத் தினமும் காலைல போய் நின்னு பாக்கறேன். என்னத்தப் பாக்கறேன்னு தெரியல."

உள்ளேயிருந்து ட்ரெஸ்ஸா, "பெரியம்மா, யாரு?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சவர்தான். நீ டிவி பாரு."

இல்லை என்று சொல்லலாம், பொய்யாகாது. ஆர்வெல்லா குழந்தை இருந்த அறையின் கதவைச் சாத்திவிட்டு வந்து, எதிரே உட்கார்ந்து, புட்டியிலிருந்து ஆரம்பித்தாள். எந்த மாத்திரை, எத்தனை, அதன் இடத்தில் எதைப் போட்டாள் என்று சொன்னாள். அந்த இரண்டு நாளும் சமையலறையில் போதையில் உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததைச் சொன்னாள். நீதிமன்றத்தில் யாரும் கேட்காததால் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள்.

"ரெண்டாவது நாள் சாயங்காலம் உள்ள போனேன். அவங்க என் மூஞ்சியப் பாத்தாங்க. நான் அழுதுக்கிட்டிருந்தேன். 'மாத்திரைக்கு வலி கேக்கலடி பொண்ணே, உன் தப்பில்ல, நீ பயந்துக்காதே'ன்னு சொன்னாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டாங்க."

"அவங்க உனக்குச் சமாதானம் சொன்னாங்க."

"ஆமா."

"அப்பவாவது மாத்திரையக் குடுத்தியா?"

"என் பையில நாலு இருந்துச்சு. குடுக்கல."

வெண்டல் எழுந்து, படியோரம் இருந்த பூந்தொட்டியைத் தூக்கி முற்றத்தில் அடித்தார். திரும்பி வந்து நின்றார். "உன்னை உள்ள போட்டாங்களா?"

"பதினாலு மாசம்."

"பத்தாது."

"பத்தாது," என்றாள்.

ஷெரீஃபிடம் போகிறேன், பிள்ளையை இன்றைக்கே தூக்கிப்போக வைக்கிறேன் என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தார். ஆர்வெல்லா ட்ரெஸ்ஸாவின் துணிகளை மறுபடி பையில் அடுக்கிவைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். யாரும் வரவில்லை. பாலத்தின் நடுவில் போகும்போது கேட்டதெல்லாம் அவர் நினைவைவிட்டு நீங்கிவிட்டது. அடுத்த வியாழக்கிழமை நாலு மணிக்கு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, மன்னிக்கணும் என்று அதே கத்தையை நீட்டினார். அவள் மறுபடி புட்டியிலிருந்து ஆரம்பித்தாள்.

சில வியாழன்களில் அவர் கத்தினார், சிலவற்றில் அழுதார், ஒருமுறை அவள் கழுத்தைப் பிடித்து, பிறகு விட்டார். ஒவ்வொரு முறையும் அவருடைய அம்மா அன்றுதான் அப்படிச் செத்தார். ஒரு அக்டோபரில் இந்தக் கிழவரைப் போட்டு ஏன் வதைக்க வேண்டும் என்று ஆர்வெல்லாவுக்குத் தோன்றியது. சொல்லிச் சொல்லி அவள் வாயும் ஓய்ந்திருந்தது. எனக்கு ஒன்றும் தெரியாதுங்க, ஏதோ தவறுதலாக என் பெயரை எழுதியிருக்கிறீர்கள் என்றாள். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். வெள்ளியன்று வந்தார். சனியன்றும் ஞாயிறன்றும் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. பல் நெறித்து இரண்டு கடைவாய்ப் பற்கள் உடைந்திருந்தன. திங்களன்று அவள் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடி ஒரு மணி நேரம் தூங்கினார். அதன் பிறகு அவள் ஒரு வாரமும் தவறவிட்டதில்லை.

ஆறு வருடமாகிறது. ட்ரெஸ்ஸா அவளைவிட உயரமாகிவிட்டாள். வெண்டல் பெண் கேட்டு நடக்கிறார், ஆர்வெல்லாதான் பிடிகொடுக்காமல் இழுத்தடிக்கிறாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அந்த வயதில் இருவருக்கும் ஒரு துணை நல்லதுதானே என்கிறாள் நெல்டா. வியாழக்கிழமை வண்டிச் சத்தம் கேட்டதும் ட்ரெஸ்ஸா புத்தகத்தை எடுத்துக்கொண்டு எழுந்து, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய், அவர்கள் இருவரும் தனியாகப் பேசட்டும் என்று கதவைத் தானே சாத்திக்கொள்கிறாள்.