காலிக் கூடை

வெள்ளைக்காரத் தம்பதி சிவகாசியில் வந்து இறங்கி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. முதுகு நிறையப் பையும் கழுத்தில் கேமராவுமாக, லாரிகளின் ஹாரனுக்கு மிரண்டு மிரண்டு ஊரைச் சுற்றினார்கள். போன இடமெல்லாம் உட்கார நாற்காலி, குடிக்கக் கலர், இளிப்பு. வெள்ளைத் தோலை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தவில்லை.

மூன்றாம் நாள் காலையில் முதலாளி காளிராஜே அவர்களைத் தாயில்பட்டியில் இருந்த தன் பட்டாசுக் கம்பெனிக்குக் கூட்டிவந்தார். நேரே வெடிமருந்து நிரப்பும் அறைக்கு நடத்திப் போனார்.

அங்கே வேலை பார்க்கும் பானுப்பிரியா வாசலில் குறுக்கே நின்றாள். தினமும் கம்பெனி கேட்டில், தீப்பெட்டி எதுவும் இல்லையென்று முந்தானையைக்கூட உதறிக் காட்டிவிட்டு உள்ளே வருகிறவள் அவள். வெள்ளைக்காரனின் சட்டைப்பையிலோ லைட்டர் எட்டிப் பார்த்தது.

"அத இதுல போடச் சொல்லுங்க மொதலாளி." கையிலிருந்த காலிக் கூடையை நீட்டினாள்.

"ஏ பிள்ள, அவுக விருந்தாளி. வழிய விடு."

"வெடிமருந்துக்கு விருந்தாளி தெரியாது. உள்ள மூணு பேரு இருக்காக."

"நாளைக்கு வேலைக்கு வர்ற நெனப்பு இல்லியா?"

"இன்னிக்கு உசுரு மிஞ்சுனாத்தான நாளைக்கு வேலை?"

வெள்ளைக்காரிக்குப் பேச்சு புரியவில்லை. பானுப்பிரியாவின் முகம் புரிந்தது. கணவனின் லைட்டரைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள்.

அப்போதும் பானுப்பிரியா நகரவில்லை. காளிராஜின் சட்டைப்பையில் செல்போன் அலறியது. கூடையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அதையும் போடுங்க."