தட்டை விழுந்த டயர்

லிங்கராஜபுரத்தில் ஓர் அச்சகத்தின் மாடியில், மேசைகளை ஒட்டிப் போட்டு அமைத்த ட்ராக் இருந்தது. உள்ளங்கை நீளக் கார்கள் அதில் வெட்டிய பள்ளத்துக்குள் மூக்கடியில் உள்ள முளையைச் செருகிக்கொண்டு மின்சாரத்தில் பறக்கும். ஞாயிறு மதியம் அங்கே வந்த வெங்கடராமனுக்கு உட்காரவே முடியவில்லை. நாற்காலியை இழுத்தார், எழுந்தார், ஜன்னல் பக்கம் போனார், திரும்பி வந்தார்.

இன்றைய பந்தயம் இறந்துபோன அவர் மனைவி ரமாவின் பெயரில். அவள் கையால் பாகம் பாகமாகச் சேர்த்த சிவப்புக் காரைத் தானே ஓட்டுவதாகச் சொல்லியிருந்தார். அவள் போன பிறகு அது ஓடவே இல்லை.

ட்ராக்கில் வைத்து கன்ட்ரோலரின் வேக விசையை அழுத்திப் பார்த்தார். கார் தத்தித் தத்திப் போய் வளைவில் பள்ளத்தை விட்டு வெளியே விழுந்தது.

“என்ன சார், ஜட்கா வண்டியா?” என்று சிரித்தான், ட்ராக்கைத் துடைத்துக்கொண்டிருந்த மஞ்சுநாத்.

பியாட்ரிஸ் வந்தாள். பந்தயத்துக்குப் பந்தயம் ரமாவோடு மல்லுக்கு நின்றவள். காரைக் கவிழ்த்துப் பின்சக்கரத்தை நகத்தால் சுற்றினாள்.

“எங்க வெச்சிருந்தீங்கண்ணா?”

“சாமி அலமாரில. அவ போட்டோ முன்னாடி. தெனம் பூ வெப்பேன்.”

“டயர் மேலயே நிக்க வெச்சீங்களா?”

“பின்ன வேற எது மேல நிக்கும்?”

“ஐயோ! அடில கட்டை குடுத்துத் தூக்கி வெக்கணும். இத்தன மாசம் ஒரே பக்கம் அழுந்தி ரப்பர் தட்டையாயிடுச்சு. ரமாக்கா பாத்திருந்தா உங்களத் தூக்கி அலமாரில வெச்சிருப்பாங்க.”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

“எங்கிட்ட புது டயர் இருக்கு. மாத்திடலாம்.”

“வேணாம். இது அவ தேய்ச்சுத் தேய்ச்சு வட்டமாக்கினது.”

“அப்ப இதையேதான் மறுபடி தேய்க்கணும். இப்படியே ஓடாது.”

வெங்கடராமன் படியிறங்கித் தெருவுக்குப் போனார். தொம்மலூர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு கண்ணை மூடி அந்த டயர்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள் ரமா. தேய்த்தால் அவள் கை பட்ட மேல்தோல் போய்விடும். தேய்க்காவிட்டால் அவள் பெயரில் நடக்கும் பந்தயத்தில் அவள் கார் இருக்காது. இரண்டு பஸ்கள் போயின. மேலே ஏறி வந்தார்.

“நானே தேய்க்கறேன்.”

கண்ணாடிப் பலகையில் உப்புத்தாளை ஒட்டிக் கொடுத்தாள் பியாட்ரிஸ். மோட்டாருக்கு மின்சாரம் கொடுத்து, சுழலும் சக்கரங்களைத் தாளின்மேல் மெல்ல அழுத்தினார். கரித்தூள் போலக் கறுப்பாக உதிர்ந்தது. சூடேறிய ரப்பர் வாசனை. இதே வாசனைக் கையோடு ரமா சாதம் போட வருவாள். போய்க் கையைக் கழுவு என்று எத்தனை முறை கத்தியிருக்கிறார்!

எடுத்துப் பார்த்தார். மறுபடி தேய்த்தார். மறுபடி பார்த்தார்.

“ஆயிதா சார், முடிஞ்சுதா? எல்லாரும் ரெடி,” என்றான் மஞ்சுநாத்.

“இருப்பா, இன்னும் தடதடங்குது.”

“தடதடங்குறது உங்க கைண்ணா. கார் எப்பவோ சரியாயிடுச்சு,” என்று சொல்லி, பியாட்ரிஸ் அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் வைத்தாள்.

பந்தயம் தொடங்கியது. நேர்பாதையில் கார் துள்ளாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவர் வளைவில் விரலைத் தளர்த்த மறந்தார். கார் பறந்து சுவரில் மோதி மேசைக்கடியில் விழுந்தது. வெங்கடராமன் குனிந்து மேசைக்கடியில் பார்த்தார். மற்ற கார்கள் நிற்காமல் சுற்றின.

மஞ்சுநாத் குனிந்து எடுத்து ஊதினான்.

“மூக்குல கீறல். அவ்ளோதான் சார்.” திரும்பப் பள்ளத்தில் செருகினான். “பாத்துட்டே நின்னா எப்படி? அமுத்துங்க!”

அழுத்தினார்.