கிரேன் தூக்காத ஆட்டம்

கிரேன் மறுபடியும் மல்யுத்த ரிங்கில் இறங்கப்போகிறான் என்று போஸ்டர் ஒட்டியதும் முதலில் அவனைத் திட்டியவன் நான்தான். ஐம்பத்திரண்டு வயது. முட்டித் தேய்மானம், வெள்ளெழுத்துக் கண்ணாடி, டயர் கடையில் மேலாளர் வேலை. சும்மா கிடக்கிற சங்கை ஏன்டா ஊதிக் கெடுக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான். முப்பது வருஷ சிநேகத்தில் என்னுடைய எந்த ஏச்சுக்கும் அவன் தந்த பதில் அந்தச் சிரிப்புதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

காரணம் அவன் மகள். வயது பன்னிரண்டு, வாய்க்கு மட்டும் இருபத்தைந்து. நூற்றுப் பத்துக் கிலோ ஆளைத் தலைக்கு மேல் தூக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே போட்டு ஜெயித்த அப்பாவை அவள் பழைய வீடியோவில்தான் பார்த்திருந்தாள். "நான் பொறக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் முடிச்சிட்டீங்களேப்பா" என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாளாம். அவ்வளவுதான், மறுநாளே எடை தூக்க ஆரம்பித்துவிட்டான். எட்டு மாதம் தவம் மாதிரி செய்தான். ஒரே ஒரு தடவை அவள் நேரில் பார்த்தால் போதும், அதற்கப்புறம் நீ சொல்கிறபடி கேட்கிறேன் என்றான். அதற்கு மேல் என்ன சொல்ல?

எங்கள் தொழிலில் யார் ஜெயிப்பது என்பதை முன்பே பேசி முடித்துவிடுவோம். பொய் என்பார்கள். ஆனால் விழுகிற அடி நிஜம், எலும்பு நிஜம். தலைக்கு மேலே போனவனின் உயிர் தூக்கினவன் கையில் இருக்கிறது. நடுவருக்கு எண்ணுவது பாதி வேலை. இவன் சொல்வதை அவன் காதிலும், அவன் சொல்வதை இவன் காதிலும் ரகசியமாகப் போடுவது மீதி வேலை. அன்றைய நடுவர் நான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அரங்கில் ஒரு நாற்காலி காலி இல்லை. எதிராளி கரடி. இருபத்தாறு வயது, ஆள்தான் கரடி, மனசு பஞ்சு. முதல் பத்து நிமிடம் கிரேன் ஆடினான் பாருங்கள், நான் எண்ண வேண்டியதை மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாருக்கும் அடிக்கத் தெரியும். விழத் தெரிந்தவன் நூற்றில் ஒருவன். மோவாயை மார்போடு ஒட்டி, முதுகை விரித்து, இரண்டு கையாலும் தரையை அறைந்து அவன் விழுந்தபோது கடைசி வரிசைக்காரனுக்கும் வலித்திருக்கும். அவனுக்கு வலிக்கவில்லை. அதுதான் வித்தை. இந்தக் கிழவனை நானா வேண்டாம் என்றேன் என்று என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

பிறகு கிரேன், தூக்கப்போகிறேன் என்று இரண்டு கையையும் உயர்த்திக் காட்டினான். கூட்டம் எழுந்துவிட்டது. முதல் வரிசையில் அவன் மகள் நாற்காலி மேலேயே ஏறிவிட்டாள். கரடியை அவன் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கிவிட்டான். அந்த நேரத்தில் அவனுடைய வலது கை விரல்கள் தாமாக விரிந்ததை நான் பார்த்தேன். அவனும் உணர்ந்துவிட்டான். கரடியை அணைத்துப் பிடித்து, தூங்கும் குழந்தையைக் கட்டிலில் விடுவதுபோல மெல்ல இறக்கினான்.

யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பின் "தூக்கு! தூக்கு!" என்று அரங்கமே கத்தத் தொடங்கியது. அவள் குரல் தனியாகக் கேட்டது.

நான் மூலையில் அவன் பக்கம் குனிந்தேன். வலது கை மரத்துவிட்டது, கரடியையே தன்னை அமுக்கி ஜெயிக்கச் சொல் என்றான். கரடியிடம் சொன்னேன். அவன் கண் கலங்கிவிட்டது. எப்படியாவது தூக்கச் சொல்லுங்கள் அண்ணா, எப்படி விழுந்தாலும் நான் சமாளித்துக்கொள்கிறேன், அவர் மகள் பார்க்கிறாள் என்றான். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சும்மா சேர்க்கவில்லை, நானும் கெஞ்சினேன். ஒரே தடவைடா, பையனே சம்மதிக்கிறான் என்றேன்.

கிரேன் என் கழுத்தைப் பார்த்தான்.

"கீழ நிக்கற வரைக்கும்தான்டா அது அவன் கழுத்து. மேல போயிட்டா என்னோடது."

பதினைந்து வருஷத்துக்கு முன்னால் இப்படித்தான் கூட்டம் கத்தியது. இதே கை மரத்திருந்தது. அன்று எதிராளி நான். நான் சம்மதித்தேன், அவன் தூக்கினான், பாதியில் நழுவினேன். கழுத்தில் ஒரு தகடும் நான்கு திருகாணியும் மிச்சம். பக்கத்தில் இருப்பவரைப் பார்க்க உடம்போடு திரும்ப வேண்டும். எட்டு மாதம் என்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டியவன் அவன். அதோடு ரிங்கை விட்டான். வெளியே பைக் விபத்து என்று சொல்லிவைத்தோம். அவன் மகளுக்கும் அதுதான் தெரியும்.

கரடி அவன் தோளைத் தரையோடு அமுக்கினான். நான் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். தண்ணீர் பாட்டில்கள் பறந்து வந்தன. கிழட்டுக் கிரேன், துருப்பிடித்த கிரேன் என்று கூச்சல். அவன் எழுந்து, நல்ல கையால் கரடியின் கையை உயர்த்திப் பிடித்து, நான்கு பக்கமும் காட்டினான். இவனல்லவா ஆண்பிள்ளை என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

உடை மாற்றும் அறைக்கு அவள் வந்தபோது அழுது முகம் வீங்கியிருந்தது.

"தூக்க முடியலன்னா எதுக்குப்பா வந்தீங்க? எல்லாரும் சிரிக்கறாங்க."

அவன் மரத்த கையால் பூட்ஸ் கயிற்றோடு போராடிக்கொண்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. உங்கப்பா அந்தப் பையன் கழுத்தைக் காப்பாற்றியிருக்கிறார் என்று சத்தம் போட்டேன். உடைந்திருக்கும் என்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். நியாயமான கேள்வி. நான் பொய் தேடினேன். அதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்மா. மாமா பைக்லேருந்து விழல. அவர் கழுத்த உடைச்சது நான்தான். இதே மாதிரி கை மரத்திருந்துச்சு. தெரிஞ்சேதான் தூக்கினேன்."

அடப்பாவி, மிச்சமிருந்த மரியாதையையும் தொலைத்துக்கொண்டாயே என்று நினைத்தேன். அவள் அப்பாவைப் பார்க்கவில்லை. என்னிடம் வந்து நின்றாள்.

"நீங்க அப்பாவ மன்னிச்சிட்டீங்களா மாமா?"

பதினைந்து வருஷமாக அவன் கேட்கப் பயந்த கேள்வி அது. நானும் அவன் கேட்காதவரை நல்லது என்று இருந்துவிட்டேன். அவன் தலை குனிந்திருந்தது.

"அத வார்த்தையா சொல்ல எனக்கு வரலடி. இன்னிக்கு அந்தப் பையன மெதுவா எறக்கினான் பாரு, எனக்கு என்னையே எறக்கி விட்ட மாதிரி இருந்துச்சு."

அவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அவள் அவன் முன்னால் தரையில் உட்கார்ந்து, அவனுடைய பூட்ஸ் கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்க்க ஆரம்பித்தாள்.