கைப்பிடி ஒரு சுற்று, கண்ணாடி அரைச் சுற்று

பெரியவள் கையில் எப்போதும் ஓர் அளவுகோல் இருக்கும்; நாக்கில் இன்னொன்று. தொழிற்சாலைகளுக்குப் பல்சக்கரப் பெட்டிகள் வரைந்து கொடுப்பது அவள் பிழைப்பு. நேராக வரும் சுழற்சியை ஒரு மூலையில் செங்குத்தாகத் திருப்பிவிட வேண்டுமென்றால், கூம்பு போல் சரித்து வெட்டிய இரண்டு பல்சக்கரங்கள் வேண்டும். மாவு மூட்டை நகரும் பாதையோ, புட்டிகள் நகரும் பாதையோ, எந்த மூலைக்கு எந்தச் சக்கரம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். இருபது வருஷத்தில் அவள் கணக்கு ஒரு பல்கூடத் தவறியதில்லை என்பது ஊரறிந்த விஷயம். அவளே சொல்லித்தான் ஊர் அறிந்தது.

அப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஜோடிச் சக்கரத்துக்காக மூன்று நாளாகக் கடைக்கும் வீட்டுக்கும் நடையாய் நடந்தாள்.

எல்லாம் தங்கைக்காகத்தான். சின்னவள் வயிற்றில் இது மூன்றாவது. முதல் இரண்டும் தங்கவில்லை. இந்த முறை கட்டிலைவிட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புருஷன் கப்பலில் சமையல்காரன். பிரசவத்துக்குத்தான் கரைக்கு வருவான். அதனால் அக்கா வீட்டுக் கீழறையில் படுக்கை. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் என்பதால் அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. கட்டிலுக்கு நேர் மேலே, மொட்டைமாடி வரை போகும் வெளிச்சக் குழி ஒன்று மட்டும் உண்டு. அதன் உச்சியில் கைக்குட்டை அகலத்துக்கு வானம் தெரியும். மேகம் போனால் போர்வையின் மேல் ஒரு நிழல் வந்து, சற்று உட்கார்ந்து, எழுந்து போகும். சின்னவள் முதலில் பேச்சைக் குறைத்தாள். பிறகு சாப்பாட்டைக் குறைத்தாள். தூக்கம் எது, விழிப்பு எது என்று அவளுக்கே பிரிக்கத் தெரியாமல் போயிற்று.

"கட்டில் மெதுவா சுத்துற மாதிரி கனவு வருதுக்கா," என்றாள் ஒருநாள். "சுத்தச் சுத்த ஒவ்வொரு தெருவா தெரியுது. கண்ணத் தொறந்தா சுவருதான்."

"தெருவப் பாக்கணும், அவ்ளோதானே?"

"நானே திருப்பிப் பாக்கணும். நீ காட்டி இல்ல."

அதற்குத்தான் இந்த ஏற்பாடு. மாடியில் குழிக்கு மேலே சாய்த்து வைத்த ஒரு கண்ணாடி. அதிலிருந்து குழியின் ஓரமாக இறங்கும் கம்பி. கட்டில் தலைமாட்டில் ஒரு சின்னப் பெட்டி. பெட்டியிலிருந்து நீளும் கைப்பிடி. படுத்தபடியே கைப்பிடியைச் சுற்றினால் மேலே கண்ணாடி திரும்பும். பெட்டிக்குள் இருக்கும் மூலைக்குத்தான் சக்கரம்.

கடைக்காரருக்குப் பட்டப்பெயர் பல் டாக்டர். சக்கரத்தின் பல்லைத் தடவியே வயசு சொல்லுவார். அவருக்கோ முன்பல் இரண்டு கிடையாது. பெரியவள் கை வைத்த சக்கரத்தைப் பார்த்து அவர் சிரித்துவிட்டார்.

"இது மூட்டை ஏத்துறதும்மா. ஒரு கண்ணாடியத் திருப்பவா இது? எலிக்குப் பயந்து வீட்டையே கொளுத்துவீங்க போல."

"நழுவக் கூடாதுண்ணே."

"நைலான் எடுங்க. சத்தமே இருக்காது."

"மாடில காத்து மோதுனா பல்லு வளைஞ்சு குடுக்கும். எஃகுதான் வேணும்."

"சரி, எஃகு. சுருள்பல்லு வேகமா ஓடுற மெஷினுக்கு. கையால சுத்த நேர்பல்லு போதும். எத்தனை பல்லுக்கு எத்தனை பல்லு? சுத்துறவங்க கையில பலம் எவ்ளோ?"

எந்த முதலாளி வந்தாலும் பெரியவள் முதலில் கேட்கும் கேள்வி அது. இந்த முறை அதை அளக்க மறந்திருந்தாள்.

வீட்டுக்குப் போனாள். வில் தராசின் கொக்கியில் ஒரு துணிப்பட்டையைக் கட்டித் தங்கையிடம் கொடுத்து, இழு என்றாள். முள் ஒரு கிலோவைத் தொட்டது, நடுங்கியது, இறங்கிவிட்டது. சின்ன வயதில் பீரோவைத் தனியாளாக நகர்த்தி அதன் பின்னால் விழுந்த பந்தை எடுத்தவள் இவள்.

"இவ்ளோதான் வருதுக்கா."

"போதும்டி. இதுவே ஜாஸ்தி," என்றாள் பெரியவள். "தொட்டியில தண்ணி இருக்கான்னு பாத்துட்டு வரேன்."

தினமும் ஒருமுறை அவள் தண்ணீர் பார்க்கப் போவாள். மாடியில் தொட்டிக்குப் பின்னால் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுவாள். இதுவும் தங்காமல் போனால் என்ற ஒரே பயம். பிறகு குழாயில் முகம் கழுவி, தண்ணீர் மட்டம் சரி என்று சொல்லிக்கொண்டே இறங்குவாள். கீழே அவள் கலங்கி யாரும் பார்த்ததில்லை.

கடைசியில் கைப்பிடிக்கு இருபது பல், கண்ணாடிக் கம்பிக்கு நாற்பது பல் என்று முடிவாயிற்று. கைப்பிடி ஒரு சுற்று, கண்ணாடி அரைச் சுற்று. பாதி பலம் போதும். ஒன்றோடொன்று உரசிப் பழக்கிய ஜோடி, பிரிக்காதீர்கள் என்று பல் டாக்டர் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். கைப்பிடி ஒரு திசையில் ஒரு சுற்றுக்கு மேல் போகாதபடி பெரியவள் ஒரு முளை அடித்தாள். தெருவின் ஒரு முனையில் தொடங்கி, தையல்கடை, மரம், பேருந்து நிற்குமிடம் என்று மறுமுனை வரை அரை வட்டம். பின்பக்க அரை வட்டம் வராது. அங்கே என்ன இருக்கிறது, வெறும் தொட்டிதானே என்று தனக்கே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

மாட்டும் நாளன்று, "நான் வர்ற வரைக்கும் தொடாத," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கண்ணாடியை முடுக்கினாள். வேலை முடிந்ததும் கை சும்மாவானது. கை சும்மாவானதும் அழுகை வந்தது. ஸ்பேனரோடு தொட்டிக்குப் பின்னால் போனாள்.

கண்ணாடி அசைந்தது. காற்று என்று நினைத்தாள். அது தெருவை விட்டுவிட்டு, சத்தமே இல்லாமல், தூக்கத்தில் புரள்வது போல இவள் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு மேகம் அதில் வழிந்து போனது. பிறகு குழியின் ஆழத்திலிருந்து தங்கையின் முகம், மிகச் சின்னதாக, இவளையே பார்த்தபடி வந்து நின்றது.

யானைக்கும் அடி சறுக்கும். கைப்பிடிச் சக்கரத்தின் மேல் உட்காரவேண்டிய பெரிய சக்கரத்தை அவள் கீழே உட்கார வைத்திருந்தாள். அப்படி வைத்தால் சுழற்சி எதிர்த்திசைக்குப் போகும் என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் படிக்கும் பாடம்.

முகம் கழுவாமலே இறங்கி வந்தாள்.

"சக்கரம் தலைகீழா மாட்டிக்கிச்சு. பத்து நிமிஷத்துல சரி பண்ணிடுவேன்."

"தொடாத," என்றாள் சின்னவள். "தெனமும் தண்ணி பாக்கப் போறது இதுக்குத்தானா?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க இனி வழியில்லை. பெரியவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"நீ அசையாம நிக்கறதப் பாத்து, எனக்கு மட்டும்தான் நம்பிக்கை இல்லைன்னு நெனச்சேன்க்கா. வயித்துல இருக்கறதுக்கு அது தெரிஞ்சிருமோன்னு பயந்துதான் வாயே தொறக்கல." அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "பயமா இருக்குக்கா."

"எனக்கும்தான்டி."

சொன்னபிறகு பெரியவளுக்கு மூச்சு சீராக வந்தது. கட்டில் ஓரத்தில் ஒருக்களித்துப் படுத்து, தங்கையின் தலையோடு தலை வைத்து மேலே பார்த்தாள். தொட்டியும், அதன் பின்னால் நகரும் வானமும் தெரிந்தன. தான் நின்று அழும் இடம் இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். பெட்டியைத் திறக்கவில்லை. தடுப்பு முளையை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப சுத்து."

சின்னவள் இரண்டு கையாலும் கைப்பிடியைப் பிடித்து, முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றினாள். தொட்டி போனது, தெரு வந்தது, மறுபடி தொட்டி வந்தது.