கறுப்புத் திரையும் இரண்டாம் மணியும்

...சனிக்கிழமை சாயங்காலம் அந்த அப்டேட்டை அமுக்கியிருக்கவே கூடாது, எந்தப் புத்திகெட்டவளாவது ஆராதனைக்கு முந்தின நாள் அப்டேட் போடுவாளா, ஞாயிறு மத்தியானம் போட்டிருந்தால் மல்லுக்கட்ட ஆறு நாள் இருந்திருக்குமே, பதினாறு வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு இது தெரியாதா... கோயிலின் கடைசிப் பெஞ்சுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் மேசையில் உட்கார்ந்து ஜெபிதா தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள். முதல் மணி அடித்தாயிற்று. ஆராதனை தொடங்குகிற இரண்டாம் மணிக்கு இன்னும் இருபது நிமிஷம். பீடத்துக்குப் பக்கத்தில் தொங்கிய பெரிய திரை ஒரே கறுப்பு, அதன் மூலையில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு மட்டும் சிமிட்டிச் சிமிட்டி, இப்போ என்ன டீச்சர் செய்வீங்க என்று கேட்டது. செய்வேன், உன்னைத் தூக்கி வெளியே எறிவேன். சே, உன்னைச் சொல்லி என்ன, நீ என்ன பண்ணுவாய் பாவம்.

கார்டு மேல் குற்றமே கிடையாது. ஹபீப் முகம்மது அண்ணன் தன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில் கிடந்ததைத் தூசி தட்டி எடுத்து, "கோயிலுக்குத்தான டீச்சர், சும்மா கொண்டுபோங்க, ரெண்டு திரைக்குப் படம் குடுக்கும்" என்று கொடுத்த கிராபிக்ஸ் கார்டு, ஒரு திரை அவளுக்கு, ஒரு திரை சபைக்கு, ஐந்து வருஷமாக ஒரு ஞாயிறுகூட முகம் சுளித்ததில்லை. அதைச் செய்த கம்பெனிக்காரன் இருக்கிறானே, அவன்தான்... விண்டோஸ் என்றால் கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராமை விழுந்து விழுந்து எழுதுவான், லினக்ஸுக்கு ஏனோதானோவென்று ஒன்றைக் கட்டிக் கொடுப்பான், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தருக்கும் காட்ட மாட்டான், கொஞ்ச வருஷம் போனதும் கார்டு பழசாகிவிட்டது, இனி டிரைவர் கிடையாது என்று கையை விரிப்பான். ஏலே, பழசு என்று நீ யார் சொல்ல, நேற்று அப்டேட் வந்து பழைய டிரைவரைத் தூக்கி எறிகிற வரைக்கும் அது இங்கன ஜம்மென்று ஓடிக்கொண்டுதானே இருந்தது? எங்கெங்கோ இருக்கிற யார் பெற்ற பிள்ளைகளோ, அந்தக் கார்டைத் தட்டித் தட்டிப் பார்த்து, எதற்கு எப்படிப் பதில் சொல்கிறது என்று ஊகித்து ஊகித்தே ஒரு டிரைவர் எழுதி வைத்திருக்கிறார்கள், நல்லா இருக்கட்டும், காலையில் அதையும் போட்டுப் பார்த்தாள், திரை பளிச்சென்று வந்தது, ஸ்தோத்திரம் என்று வாயெடுப்பதற்குள் உறைந்துபோயிற்று. கம்பெனிக்கு அவள் போடாத மெயிலா, ஒரே ஒரு தடவை பதில் வந்தது, தாங்கள் விண்டோஸ் பயன்படுத்தலாமே என்று. நல்ல ஆலோசனை.

விண்டோஸ்தான் முதலில் இருந்தது, காசு கொடுக்காத விண்டோஸ். ஒரு ஞாயிறு, திருடக் கூடாது என்கிற கட்டளை திரையில் பெரிதாக நிற்க, அதே திரையின் மூலையில் இந்த விண்டோஸ் அசல் அல்ல என்றும் நின்றது, சபைச் செயலாளர் ஞானஒளிவு அண்ணாச்சி அதை ஒரு தடவை, இதை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. கமிட்டியில் அவள்தான் எழுந்து, காசே கேட்காத லினக்ஸ் இருக்கிறது என்றாள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றாள், வாய் சும்மா இருந்ததா? அதோடு விட்டாளா, பாட்டு நம்பர் மாட்டுகிற பலகையையும் கழற்றச் சொன்னாள், இனி அது எதற்கு என்று. ஜனங்களும் பாட்டுப் புத்தகத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு வரப் பழகிவிட்டார்கள். இப்போது பார், கோயில் நிறைய ஜனம், கையில் ஒரு புத்தகம் இல்லை. மணியடிக்கிற ஞானரத்தினம் அண்ணாச்சி வாசலில் நின்று, கயிற்றைப் பிடிக்கட்டுமா என்று கையால் கேட்டார், அவள் பத்து விரலையும் விரித்துக் காட்டினாள்.

பாட்டு போகட்டும், பாதிப் பேருக்கு மனப்பாடம். பிரபின்? அந்தா மூன்றாவது வரிசையில், வெள்ளைச் சட்டையில், பின்னங்கழுத்தில் அவள் காலையில் போட்ட பவுடர் திட்டுத்திட்டாகத் தெரிய உட்கார்ந்திருக்கிறான் அவள் வீட்டுக்காரன். இருபது வருஷம் விசைத்தறிக்கூடத்தில் சூப்பர்வைசர், நாற்பது தறியின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. டாக்டரிடம் போவோமா என்று ஒரு தடவை கேட்டதற்கு, "எங் காதுக்கு என்ன கேடு?" என்று இரண்டு நாள் பேசவில்லை. அதன்பிறகுதான் அவள் பிரசங்கத்தைச் சுருக்கி டைப் அடித்துத் திரையில் ஓடவிட ஆரம்பித்தாள், சின்னப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று சொல்லி. அத்தனை பேரும் பாராட்டினார்கள், டீச்சர் டீச்சர்தான் என்று. யாருக்காக என்று ஒருத்தருக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. போன வருஷம் ஒரு ஞாயிறு கரண்ட் போய்த் திரை அணைந்தபோது, குருவானவர் என்னவோ சொல்லிச் சபையே சிரித்து ஓய்ந்த பிறகு, இவன் மட்டும் தனியாகச் சிரித்தான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு வாரம் வயிற்றுவலி என்று கோயிலுக்கே வரவில்லை. இன்னொரு தடவை அப்படி ஆனால் வயிற்றுவலி வருஷக்கணக்கில் அல்லவா நீளும், பிடிவாதக்காரன், ஆனாலும் அந்தத் தனிச் சிரிப்பு இப்போதும் அவள் காதில் கேட்கிறது.

சரி, கடைசி வழி. தன் முன்னால் இருந்த திரையின் வயரைப் பிடுங்கிப் போட்டாள், கார்டின் வித்தையெல்லாம் வேண்டாம், வெறும் படம் மட்டும் காட்டினால் போதும் என்று ஒரு கட்டளையைச் சேர்த்துத் திரும்ப ஓடவிட்டாள், வா மக்கா, வா என் ராசா, ஒரே ஒரு ஆராதனை... வந்தது! எழுத்தெல்லாம் தின்று கொழுத்த மாதிரி பருத்து, நாலு வரிக்கு மேல் நிற்காமல், ஆனாலும் முதல் பாட்டு வந்துவிட்டது, சபையில் ஒரு பெருமூச்சு. பிரசங்கப் பக்கத்தைத் திறந்து டைப் அடித்துப் பார்த்தாள், அவள் ஒரு சொல்லை முடித்துக் கையை எடுத்த பிறகு எழுத்துகள் ஒவ்வொன்றாக ஆடி அசைந்து வந்தன. நடக்காது. குருவானவர் பேசுகிற வேகத்துக்கு இது மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் முடிக்கும்.

"ஏட்டி, மூஞ்சியத் தொடச்சுக்க. வேர்த்து ஒழுகுது."

எப்போது எழுந்து வந்தான்? பிரபின் கடைசிப் பெஞ்சின் நுனியில், அவள் மேசையை ஒட்டி உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முகத்துக்கு நேராகத் திரும்பி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், "பாட்டு வந்துட்டு. பிரசங்கந்தான் டைப் அடிக்க முடியாதுங்க."

"அதுக்கு ஏன் இந்த முழி முழிக்க?" சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தான். "இதுல எழுதிக் காட்டு. நீட்டி முழக்காத, சுருக்கமா எழுது. சிரிக்க வேண்டிய எடம் வந்தா முன்கூட்டியே ஒரு இடி குடு."

இரண்டாம் மணி அடித்தது. அவள் அவன் முழங்காலைத் தட்டினாள், அவன் எழுந்தான், சபையும் எழுந்தது. நோட்டைப் புரட்டினாள், ஒரு பக்கத்தில்கூட ஒரு எழுத்து இல்லை, ஆனால் முனையெல்லாம் சுருண்டு, அட்டை வேர்வையில் ஊறி ஊறிச் சட்டைப் பையின் வளைவுக்கே வளைந்துபோயிருந்தது. இன்றைக்கு வாங்கினதில்லை இது. அப்படியானால் எத்தனை ஞாயிறு இதைச் சுமந்துகொண்டு வந்திருக்கிறான், கரண்ட் போன அந்த ஞாயிறிலிருந்தா, அதற்கும் முன்னாலா, அவள் யாருக்காக அடிக்கிறாள் என்று தெரிந்தே, தெரியாதவன் மாதிரி அந்த மூன்றாவது வரிசையில்... முதல் பக்கத்தில், எப்போதிருந்து தெரியும் என்று எழுதி அவன் பக்கம் நகர்த்தினாள். படித்தான். மீசைக்குள் சிரிப்பு தெரிந்தது. கொழுத்த எழுத்துகள் நின்ற திரையைக் கையால் காட்டிவிட்டு, எல்லோருக்கும் முன்னால், கொஞ்சம் தப்பின சுருதியில் பாட ஆரம்பித்தான். இவனும் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்ட மாட்டான் போலிருக்கிறது... நான் மட்டும் காட்டினேனா?